ஐந்து ஆண்டு மாத்திரை: தொடர்ந்து எடுக்க எந்த வயதில் எது தடையாகிறது?

கோத்தகிரி, வயது 41

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்த பிறகுதான் நீண்ட பகுதி ஆரம்பிக்கிறது. தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை, பெரும்பாலும் 5 ஆண்டுகள், சிலருக்கு 10. மலையில் இந்த மாத்திரையோடு வாழ்கிறவர்கள் இங்கே எழுதுங்கள், வயதையும் சேர்த்து. வயதைக் கேட்கக் காரணம் இருக்கிறது.

எனக்கு நோய் தெரிந்தபோது வயது 37. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனால் வளரும் கட்டி என்பதால், அதைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார்கள். கீமோ நாட்களில் சொந்தபந்தம் அத்தனையும் வந்து பார்த்தது. நாத்தனார் வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்தார். இப்போது முடி வளர்ந்துவிட்டது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். ஜனவரி உறைபனியில் வீடே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது எனக்கு மட்டும் நெஞ்சிலிருந்து கழுத்துக்கு அனல் ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்பார் மாமியார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தூங்காத கண்ணோடு காலையில் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் ஐம்பதை ஒட்டி வர வேண்டிய அனல் முப்பத்தேழில் வந்தால் யாரிடம் பேசுவது? என் வயதுத் தோழிகளுக்கு இது புரியவில்லை. தாம்பத்தியத்தில் வந்த மாற்றத்தை, அடுத்த நோயாளி வாசலில் நிற்கும் அறையில் எப்படிச் சொல்வது? நோய் போய்விட்டது, வேதனை தருவது மாத்திரைதான் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் வடபகுதியில் 8,769 பெண்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. முழுக் காலமும் ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்கள் பாதிப் பேர்தான். நடுவில் விட்டவர்களில் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதிகம். 75 வயதைத் தாண்டியவர்களும் அதிகம். இரண்டு முனையிலும் கை நழுவுகிறது, காரணங்கள் மட்டும் வேறு. 5 ஆண்டுகள் டமாக்சிஃபென் எடுத்தால், முதல் 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இவ்வளவு பெரிய பலனை, கேட்க ஆளில்லாத வேதனையால் ஒரு பெண் இழப்பது எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு வழி பிறந்தது செவிலியர் ஒருவரால். "தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவர் "இரவில் தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் வென்லாஃபாக்சின் குறைந்த அளவில் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மருந்துதான், அனலையும் தணிக்கும். எனக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் மனச்சோர்வுக்கே கொடுக்கும் வேறு மருந்துகளான பராக்சிட்டின், ஃபுளூவாக்சிட்டின் இரண்டும் உடலில் டமாக்சிஃபெனின் வேலையைத் தடுக்கக் கூடியவை. எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

குன்னூர், வயது 34

அக்கா, எனக்கு அனல் பெரிய தொல்லை இல்லை. குழந்தைதான் கேள்வி. மாத்திரை எடுக்கும்போது கருத்தரிக்கக் கூடாது, சிசுவைப் பாதிக்கும் என்றார்கள். 10 ஆண்டுகள் என்று கேட்டதும் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அன்று கோவையிலிருந்து மலையேறும் வரை கணவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாத்திரையை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடமே நேராகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வைச் சொன்னார். 42 வயதுக்கு உட்பட்ட 500க்கும் அதிகமான பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை மாத்திரை எடுத்த பிறகு, கர்ப்பத்துக்காக அதிகபட்சம் 2 ஆண்டுகள் நிறுத்தினார்கள். முதல் மூன்று ஆண்டுகளில் நோய் திரும்புவது அதனால் கூடவில்லை. அதற்கு அப்பால் என்ன என்பதை இன்னும் கவனித்து வருகிறார்களாம். எல்லோருக்கும் பொருந்தாது, கட்டியின் தன்மையைப் பார்த்துத்தான் முடிவு. நிறுத்திய பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், பிள்ளை பிறந்த பிறகு மாத்திரைக்குத் திரும்ப வேண்டும். எப்போது நிறுத்தலாம் என்று தேதி குறித்துத் தந்திருக்கிறார். அதுவரை ஒருநாளும் தவறவிட மாட்டேன்.

மஞ்சூர், மாமியாருக்கு வயது 76

என் அத்தைக்கு லெட்ரோசோல், இதே நோய்க்கான இன்னொரு ஹார்மோன் மாத்திரை. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் சாப்பிடுவார், இதை மட்டும் தலையணைக்கடியில் வைத்துவிடுவார். கேட்டால், "இன்னும் எத்தனை காலம்? எதற்கு இது?" என்பார். அது விரக்திப் பேச்சு என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். உண்மையில் வலி. விடிகாலையில் விரல்கள் மடங்காது, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. மலைக்குளிரோடு சேர்ந்து அது இன்னும் கூடும். மூட்டுவலியை முதுமை என்று வீட்டிலும் சொன்னோம், போன இடத்திலும் சொன்னார்கள்.

கடைசியில் வேறொரு மருத்துவர் எலும்பு அடர்த்தி பார்த்தார். எலும்பு தேய்ந்திருந்தது, இந்த மாத்திரை அதை இன்னும் தேய்க்கும் என்றார். கால்சியமும் வைட்டமின் டியும் தொடங்கி, லெட்ரோசோலை நிறுத்தி டமாக்சிஃபெனுக்கு மாற்றினார். இந்த வயதில் இதனால் எவ்வளவு பலன், எவ்வளவு தொல்லை என்று அத்தையின் முகத்தைப் பார்த்தே விளக்கினார். எங்களிடம் சொல்லாமல் அவரிடம் சொன்னதுதான் பெரிய விஷயம். இப்போது அவரே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

உதகை, மருந்துக்கடையில் வேலை

ஒன்று மட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் சரக்கு ஏறாது. மே மாதமே கூடுதலாக ஒரு மாத மாத்திரை வாங்கி வையுங்கள்.

கோத்தகிரி, வயது 41

மஞ்சூர் சகோதரி, உங்கள் அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. டமாக்சிஃபெனுக்கு மாறியதால் வேறு இரண்டைக் கவனியுங்கள். மாதவிடாய் நின்றவருக்குத் துளி ரத்தப்போக்கு வந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கருப்பையின் உட்சுவரை இந்த மருந்து பாதிக்கக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், இரவானாலும் சரி.