சிக்னலில் நின்ற காரைப் பின்னாலிருந்து இடித்துவிட்டார்கள். சமரசப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

வெண்பாதை:
வணக்கம். ஒன்பது நாளுக்கு முன் நடந்தது. சிவப்பு விளக்கில் பிரேக்கில் கால் வைத்து நின்றிருந்தேன். பின் சீட்டில் என் நாலு வயது மகள், குழந்தை இருக்கையில். பின்னால் வந்த வேன் இடித்த வேகத்தில் என் கார் முன்னால் நின்ற காரில் போய் முட்டியது. ஏர்பேக் எதுவும் விரியவில்லை. மகள் பயந்து அழுதாள், அடி இல்லை. எனக்கும் அன்று ஒன்றும் தெரியவில்லை. போலீஸ்காரர் கேட்டபோது "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் காலை கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இப்போது வலி இடது தோள் வரை இறங்குகிறது, இரண்டு விரல்கள் அவ்வப்போது மரத்துப்போகின்றன.

முன் காரை ஓட்டியவர், "நீங்கள்தான் என்னை இடித்தீர்கள், உங்கள் மேலும் தவறு" என்கிறார். வேனுடைய இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து தினமும் போன் வருகிறது. கார் பழுதுச் செலவு முழுவதும் தருகிறார்களாம், கூடவே "சிரமத்துக்கு" ஒரு தொகை. படிவத்தில் கையெழுத்துப் போட்டால் இந்த வாரமே பணம். வாங்கி முடித்துவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பழைய கோப்பு:
கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இன்றே மருத்துவரிடம் போங்கள். கழுத்து வலியோடு விரலும் மரத்துப்போகிறது என்றால் நரம்பைப் பரிசோதித்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நான் பதினொரு வருடம் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில் இருந்தவன். பின்னாலிருந்து இடிபட்டவர்களுக்குக் கழுத்து வலி சில மணி நேரம் கழித்தோ, ஓரிரு நாள் கழித்தோ தொடங்குவது சாதாரணம். இடிக்கும்போது இருக்கை உடம்பை முன்னே தள்ளும், தலை மட்டும் ஒரு கணம் பின்தங்கிவிட்டு அப்புறம் முன்னே வீசப்படும். அதில் தசையும் தசைநாரும் இழுபடுகின்றன. எலும்பு முறியாததால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால் போலீஸ்காரரிடம் சொன்னதை நினைத்து வருந்த வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் விபத்து நடந்த நாள், வலி தொடங்கிய நாள், மரத்துப்போவது எந்த விரல்கள் என்பதையெல்லாம் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். விபத்துக்கும் முதல் மருத்துவக் குறிப்புக்கும் நடுவே எத்தனை நாள் என்றுதான் எதிர்த்தரப்பு முதலில் எண்ணிப் பார்க்கும். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது படிவம். அதில் "முழுமையான, இறுதித் தீர்வு" என்றோ, "இந்த விபத்திலிருந்து எழும் எல்லாக் கோரிக்கைகளும்" என்றோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கார் பழுதோடு உங்கள் கழுத்தும் அந்தக் கையெழுத்தில் அடங்கிவிடும். ஆறு மாதம் கழித்து ஊசி, சிகிச்சை என்று செலவு வந்தால் கோப்பைத் திரும்பத் திறக்க அநேகமாக வழி இருக்காது. வாகனச் சேதத்தையும் உடல் காயத்தையும் தனித்தனியாக முடிக்கலாம். "வாகனச் சேதத்துக்கு மட்டும்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் பொறுத்திருங்கள். ஆனால் வழக்குத் தொடரக் கெடு உண்டு. சில நாடுகளில் மாதக்கணக்கு, சிலவற்றில் வருடக்கணக்கு. உங்கள் கெடு எது என்று ஒரு வழக்கறிஞரிடம் இந்த வாரமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் அன்பாகப் பேசுகிறவர் அந்தக் கம்பெனிக்கு வேலை செய்கிறவர். பதிவாகும் அழைப்பில் "பரவாயில்லை, தேவலை" என்று மரியாதைக்குச் சொல்வதும் எழுத்தில் ஏறும். எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் சொந்த அண்ணன் இப்படி நாலாம் நாள் கையெழுத்துப் போட்டார். நான் வெளியூரில் இருந்தேன், கேட்காமல் விட்டுவிட்டார். இரண்டு வருடம் சொந்தக் காசில் சிகிச்சை பார்த்தார்.

இரட்டைக்கோடு:
முன் கார் விஷயத்துக்கு வருகிறேன். நடுவில் மாட்டும் காருக்கு எப்போதும் வரும் கேள்வி: முன் காரில் இருந்தவர்களுக்கு எத்தனை இடி தெரிந்தது? ஒன்று என்றால் நீங்கள் தள்ளப்பட்டீர்கள் என்பதற்கு அது வலுவான சாட்சி. இரண்டு என்றால், நீங்கள் முதலில் மோதி, அப்புறம் வேன் உங்களை இடித்தது என்று வாதாடுவார்கள். உங்கள் மேல் பங்கு போட்டால் பல நாடுகளில் இழப்பீட்டிலும் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். 100 ரூபாயில் 20 சதவீதம் தவறு உங்களுடையது என்றால் 80 தான். அந்தக் காரில் வேறு யாராவது இருந்தார்களா?

பட்டறையில் காரைப் பிரிக்க விடாதீர்கள், எல்லாப் பக்கமும் படம் எடுத்த பிறகு பிரிக்கட்டும். பல புதிய கார்களில் மோதலுக்கு முந்தைய சுமார் 5 நொடிகளின் வேகமும் பிரேக்கும் பதிவாகும் சாதனம் இருக்கிறது. நின்றிருந்தீர்கள் என்பதை அதுவே சொல்லலாம். டேஷ்கேம் இருந்தால் மெமரி கார்டை இப்போதே கழற்றி வையுங்கள், பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அருகில் கடை, கட்டடக் கேமராக்களும் அப்படித்தான். ஒன்பது நாள் ஆகிவிட்டது, இன்றே கேளுங்கள்.

கிளிக்கூடு:
குழந்தை இருக்கையை யாரும் சொல்லவில்லையே! அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சிறு விபத்துக்குப் பிறகு அதே இருக்கையைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் கார் ஓட்டிச் செல்லும் நிலையில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அருகிலுள்ள கதவு நசுங்கக் கூடாது, யாருக்கும் காயம் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, இருக்கையில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கூடாது. ஐந்தும் சேர்ந்து இருந்தால்தான் அது சிறு விபத்து. உங்களுக்குக் காயம் இருக்கிறதே, அதனால் மாற்றிவிடுங்கள். ரசீதைக் கோரிக்கையில் சேருங்கள். பழையதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

வெண்பாதை:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் பார்த்துவிட்டார், நரம்பு அழுத்தப்படுகிறதா என்று தெரிய நாளை ஸ்கேன். படிவத்தைத் திரும்பப் படித்தேன். பழைய கோப்பு ஐயா சொன்ன வரி இரண்டாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. "வாகனச் சேதத்துக்கு மட்டும்" என்று மாற்றித் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இன்று போன் வரவில்லை.

முன் காரில் அவருடைய அம்மாவும் இருந்தார். விபத்தன்று என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். "ஒரே சத்தம்தானே கேட்டது, பையன் பதற்றத்தில் பேசிவிட்டான்" என்றார். அதை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவதாகவும் சொன்னார்.