அரசுப் பணிக்கான பாஸ்போர்ட்டோடு வெளிநாடு போனவர்களின் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற அலுவலர், சென்னை:
ஜெர்மனியில் ஒரு கருத்தரங்குக்குப் போன குழுவில் நானும் இருந்தேன். எங்களோடு வந்த நாடாளுமன்ற உறுப்பினரிடம் மெரூன் நிற தூதரக பாஸ்போர்ட். 2011-ல் இந்தியாவும் ஜெர்மனியும் செய்த ஒப்பந்தப்படி அவருக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. என் கையில் இருந்தது வெள்ளை அட்டை போட்ட, அரசுப் பணிக்காகப் போகிறவர்களுக்குத் தரும் அஃபிஷியல் பாஸ்போர்ட். அந்த ஒப்பந்தம் அதைச் சேர்க்கவில்லை. வெளியுறவு அமைச்சகத்தில் விசா கேட்டுத் தூதரகத்துக்கு எழுதும் கடிதமான விசா நோட் வாங்கி, கைரேகை கொடுத்து, ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா கைக்கு வரும்வரை காத்திருந்தேன். இளம் அலுவலர்கள் 'அந்த நாட்டுக்கு விசா விலக்கு உண்டா' என்று மட்டும் கேட்கிறார்கள். எந்த பாஸ்போர்ட்டுக்கு, எத்தனை நாளுக்கு என்றும் கேளுங்கள். விசா வேண்டாத பயணமாக இருந்தாலும் பொலிட்டிக்கல் கிளியரன்ஸ், அதாவது பயணத்துக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதி, வாங்கியே ஆக வேண்டும்.

அரச ஊழியர், கொழும்பு:
ஐயா சொல்வது சரி. நான் உத்தியோகபூர்வ கடவுச்சீட்டில் பாங்கொக்குக்குப் பயிற்சிக்குப் போனேன், விசா கேட்கவில்லை. இலங்கையும் தாய்லாந்தும் 2013இல் செய்த உடன்படிக்கை இராஜதந்திர, உத்தியோகபூர்வ ஆகிய இரண்டு வகைக் கடவுச்சீட்டுகளுக்கும் பொருந்தும். 2022 ஆகஸ்டில் கோட்டாபய ராஜபக்ஷ அங்கே போனதும் இதே உடன்படிக்கையின் கீழ்தான். ஜனாதிபதிப் பதவியை விட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் இராஜதந்திரக் கடவுச்சீட்டு இருந்ததால் விசா இல்லாமல் 90 நாட்கள் தங்கலாம் என்று தாய்லாந்து வெளியுறவு அமைச்சு சொன்னது. எங்கள் அலுவலகத்தில் அன்று முழுக்க இதே பேச்சு. அரச வேலைக்காகச் செய்த ஏற்பாடு பதவி போன பிறகும் ஒருவருக்குக் கதவு திறப்பது எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

அலுவலரின் மனைவி, டெல்லி:
எனக்குக் கவுண்டரில்தான் சிரமம். என்னிடமும் வெள்ளை பாஸ்போர்ட்தான். போகிற நாட்டில் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் செக்-இன் செய்த பையன் சாதாரண நீல பாஸ்போர்ட்டுக்கான விதியைப் பார்த்துவிட்டு, விசா இல்லாமல் ஏற்ற முடியாது என்றான். மேற்பார்வையாளர் வந்து விமான நிறுவனங்கள் விசா விதிகளைப் பார்க்கும் டைமாட்டிக் தரவுத்தளத்தில் பாஸ்போர்ட் வகையை மாற்றித் தேடியதும் போர்டிங் பாஸ் வந்தது. அதற்குள் வரிசையே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது, குழந்தை அழத் தொடங்கிவிட்டாள். அப்புறம், வழியில் விமானம் மாறும் நாட்டின் விதி தனி; அதையும் முன்பே பாருங்கள். அமெரிக்காவுக்கு இந்த விலக்கே கிடையாது. அரசு வேலையாகப் போனால் ஏ வகை விசா எடுக்க வேண்டும், சொந்தச் சுற்றுலா என்றால் எல்லாரையும் போல பி விசா. வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் விலக்குள்ள நாடுகளின் பட்டியல் இருக்கிறது. உங்களுக்கான பக்கத்தை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.