தரை தேய்க்கிற பழைய மிஷின் உறுமுது, சுத்த மாட்டேங்குது (115 வோல்ட், 60 சைக்கிள்)

ராயபுரம் வாசி:
பழைய வண்ணாரப்பேட்டையில பெரியப்பாவோட கல்யாண மண்டபத்தை இப்ப நான்தான் பாத்துக்கிறேன். ஸ்டோர் ரூமைக் காலி பண்ணப்ப பந்தி பெஞ்சுக்குப் பின்னாடி இது கிடைச்சுது. வார்ப்பு அலுமினிய உடம்பு, அடியில ஒரே வட்ட பிரஷ், மாட்டுக்கொம்பு மாதிரி கைப்பிடி. துணி சுத்தின ஒயர், உள்ள ரெண்டே கம்பி. கூடவே தூக்க முடியாத கனத்துல ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி.

தகடுல கம்பெனி பேர் தேஞ்சுபோச்சு. “...ஹார்ட், இண்டியானா”, “115 வோல்ட்ஸ், 60 சைக்கிள்ஸ்” மட்டும் தெரியுது. பெட்டி வழியா கரண்ட் குடுத்தா உர்ர்ருனு உறுமுது. குச்சியால பிரஷை ஒரு தள்ளு தள்ளினா சுத்த ஆரம்பிக்குது, ஆனா சீக்கிரம் சூடாயிடுது. காயில் கட்டுற கடையில பாக்காமலே ரீவைண்டிங்னு சொல்லிட்டாங்க.

இன்னொண்ணு, இது எங்கேருந்து வந்துச்சு? பழைய வாட்ச்மேன் பின்னி மில் சாமான்றாரு. அத்தை, ஹார்பர்ல வாங்கினதுன்றாங்க. கேக்கப் பெரியப்பா இல்ல.

மோட்டார் மணி:
தம்பி, ரீவைண்டிங் வேணாம். தள்ளினா சுத்துதுன்னா ரன்னிங் காயில் உயிரோட இருக்கு. மோட்டார் மேல உருளையா ஒரு மூடி புடைச்சிருக்கா? இருந்தா உள்ள ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர், மோட்டாரை முதல்ல கிளப்பிவிடுற சாமான். சும்மா கிடந்தே காஞ்சுபோற சாமான் அது. அதுமேல போட்டிருக்கிற மைக்ரோஃபாரட் அளவு அதேதான் போடணும், வோல்டேஜ் கூட இருந்தா பரவாயில்ல. மூடி இல்லாம கார்பன் இருந்தா பழைய ரிப்பல்ஷன் டைப், கெப்பாசிட்டர் இல்லாமலே கிளம்புற மோட்டார். கார்பனையும் அது உரசுற செம்பு வளையத்தையும் (காமுடேட்டர்) பாருங்க.

சூட்டுக்குக் காரணம் வேற. சைக்கிள்னா ஏசி கரண்ட் ஒரு செகண்டுல எத்தனை சுத்து மாறுதுங்கிற கணக்கு. 60 சைக்கிள் மோட்டாருக்கு நம்ம 50 சைக்கிள்ல 115 வோல்ட் அதிகம். அதே விகிதத்துல இறக்கினா 96 வோல்ட் வரும். வேகமும் ஆறுல ஒரு பங்கு குறையும், தரை தேய்க்க அது போதும்.

அதுக்கெல்லாம் முன்னாடி அந்த ரெண்டு கம்பி ஒயரைக் கழட்டிப் போடுங்க. எர்த் இல்லாத மெட்டல் சாமானை ஈரத் தரையில ஓட்டுறது விளையாட்டு இல்ல. மூணு கம்பி ஒயர், உடம்புக்கு எர்த். பெட்டி ஆட்டோ டிரான்ஸ்பார்மரா (ஒரே காயில் இருக்கிறது) இருந்தா அதுவும் வேணாம், ரெண்டு காயிலும் தனித்தனியா இருக்கிறதை வாங்குங்க.

பேசின் பிரிட்ஜ் பாலு:
புதுசு வாங்கிட்டுப் போங்க பாஸ். தனியா டிரான்ஸ்பார்மர் கட்டி தரை தேய்க்கணுமா?

பழஞ்சாமான் பைத்தியம்:
பாலு சார், அவர் வரலாறும் கேட்டிருக்காரு.

“ஹார்ட், இண்டியானா”ன்னா அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் ஊரா இருக்கலாம். ஃபின்னல் சிஸ்டம் கம்பெனி அங்கதான் இருந்துச்சு. பவர்ல தரை தேய்க்கிற மிஷினுக்கு நாங்கதான் மூலவர்கள்னு விளம்பரமே போட்டவங்க. பேர் தேஞ்ச தகடு, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். “சைக்கிள்ஸ்”னு இருக்கிறது வயசுக்கு ஒரு துப்பு. சைக்கிளுக்குப் பதிலா ஹெர்ட்ஸ் சர்வதேச அளவா ஆனது 1960ல, தகடுகள்ல பரவ அதுக்கப்புறமும் கொஞ்ச காலம் ஆச்சு.

வாட்ச்மேன் சொல்றதை நான் நம்பல. பின்னி வெள்ளைக்காரக் கம்பெனி. மெட்ராஸ்ல ஓட்ட மிஷின் வாங்கினா 50 சைக்கிள் இங்கிலாந்துச் சாமானா வாங்கியிருப்பாங்க. அமெரிக்கக் கப்பல்லதான் 60 சைக்கிள் சகஜம். அத்தை கட்சி நான். டிரான்ஸ்பார்மர் இங்க இறங்கினப்புறம் சேந்திருக்கும்.

பிரஷ் எந்த நார்? 3எம் ஸ்காட்ச் பிரைட் வந்ததே 1958ல. அந்த மாதிரி நைலான் பேட் வர்றதுக்கு முன்னாடி எல்லாம் நார் பிரஷ்தான். முரட்டுத் தேய்ப்புக்குப் பனந்தும்பு. தூத்துக்குடியிலேருந்து கப்பல் ஏறிப் போனது அது.

ராயபுரம் வாசி:
மூடி இருக்கு மணி அண்ணே! திறந்தா கெப்பாசிட்டர் உப்பி, அடியில எண்ணெய் மாதிரி கசிஞ்சிருக்கு. நார் காபி கலர்ல விறைப்பா இருக்கு, பாதி கொட்டிப்போச்சு. மண்டபம் மொசைக் தரை, இதுக்கு என்ன மாட்டலாம்?

மோட்டார் மணி:
மொசைக்குக்கு அந்த முரட்டு நார் வேணாம், பாலிஷ் போயிடும். மெதுவான சிவப்பு பேட் போதும், கறுப்பு ரொம்ப முரடு, பக்கமே போகாதீங்க. ஓட்டும்போது கைப்பிடியை லேசா தூக்கினா மிஷின் வலப்பக்கம் போகும், இறக்கினா இடப்பக்கம். இது தெரியாம மல்லுக்கட்டினா செவுத்துல கொண்டுபோய் மோதும்.

பேட் ஹோல்டர் கடைசல்ல பண்ணிக்கலாம். பிரஷ் கட்டையோட விட்டத்தையும், நடுவுல மாட்டுற இடத்தோட அளவையும் எடுத்துப் போடுங்க.