கொலைகாரனாக இருந்தாலும் ஐஸிடம் (ICE, அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறை) ஒப்படைக்க மாட்டார்களா?

சான்ஹோசேக்காரன்:
நேற்று ஆபீஸ் கேன்டீனில் பெரிய வாக்குவாதம். “கலிபோர்னியாவில் வெளிநாட்டுக்காரன் கொலைகாரனாகவே இருந்தாலும் நாடுகடத்த போலீஸ் ஐஸிடம் கொடுக்காது” என்று நண்பர் அடித்துச் சொன்னார். 2015-ல் சான் பிரான்சிஸ்கோவில் கேட் ஸ்டைன்லி என்ற பெண் அனுமதியின்றி வந்திருந்த ஒருவரால் சுடப்பட்டதை உதாரணம் காட்டினார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கோர்ட் துபாஷி:
இங்கே கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பு செய்கிறேன் (மாதம் ஒரு வழக்கு வந்தால் அதிசயம்). நண்பர் சொன்னது பாதி சரி.

ஜெயிலில் சேர்க்கும்போது கண்ணாடித் தட்டில் விரல்களை ஒவ்வொன்றாக உருட்டி ரேகை எடுப்பார்கள். அது எஃப்பிஐக்குப் போய், அங்கிருந்து தானாகவே குடிவரவுத் துறைக்கும் போய்விடும். இதை எந்த கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிறுத்த முடியாது. அப்புறம் ஐஸிடமிருந்து ஐ-247ஏ படிவம் வரும்: விடுதலை நேரம் தாண்டி 48 மணி நேரம் வரை ஆளை வைத்திருங்கள் என்று. அதில் நீதிபதி கையெழுத்து இருக்காது. அதை நம்பி ஒரு பெண்ணை அடைத்து வைத்த ஓரிகனின் கிளாக்கமஸ் கவுண்டி 2014-ல் வழக்கில் தோற்றது. அதைப் பார்த்துப் கவுண்டி ஜெயில்களை நடத்தும் பல ஷெரீஃப்கள் உஷாராகிவிட்டார்கள்.

2018-ல் அமலுக்கு வந்த கலிபோர்னியாவின் எஸ்பி 54 சட்டப்படி உள்ளூர் ஜெயில்கள் அப்படிக் கூடுதலாக வைத்திருக்கக் கூடாது. ஆனால் கொலை, பாலியல் வன்கொடுமை மாதிரி குற்றங்களில் தண்டனை பெற்றவரை ஒப்படைக்கலாம். அந்த ‘லாம்’தான் சிக்கல்: கட்டாயமில்லை, மறுக்கும் கவுண்டிகளும் உண்டு. மாநிலச் சிறைத்துறைக்கு எஸ்பி 54 பொருந்தாது. கொலைக்குத் தண்டனை அனுபவிப்பவர்கள் பெரும்பாலும் இருப்பது அங்கேதான். ஸ்டைன்லி சம்பவம் எஸ்பி 54-க்கு முன்பே நடந்தது. அந்த ஆளை ஒரு பழைய கஞ்சா வழக்குக்காகத்தான் சான் பிரான்சிஸ்கோ ஜெயிலுக்கு அனுப்பியிருந்தார்கள். வழக்கு தள்ளுபடியானதும் ஐஸுக்குச் சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அது தவறு என்றுதான் நானும் சொல்வேன்.

டல்லாஸ் தம்பி:
டெக்சாஸில் நேர்மாறு அண்ணா. 2017-ல் வந்த எஸ்பி 4 சட்டப்படி ஐஸின் அந்தப் படிவத்தை ஜெயில்கள் மதித்தே ஆக வேண்டும். ஜனவரி 2025-ல் கையெழுத்தான லேக்கன் ரைலி சட்டம் நாடு முழுக்க: அனுமதியின்றி எல்லை தாண்டி வந்தவர் கடைத் திருட்டுக்குக் கைதானாலே ஐஸ் காவலில் வைக்க வேண்டும், தண்டனை வரை காத்திருக்க வேண்டாம்.

சான்ஹோசேக்காரன்:
நன்றி. நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கோர்ட் துபாஷி:
கைதான யாருடைய ரேகையும் போகும் சார். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் நாடுகடத்தல் ஆபத்தை வக்கீல் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் “சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும்” என்று தலையாட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். நான் மொழிபெயர்ப்பாளன், அங்கே வாய் திறக்க முடியாது.