உப்பனாத்துல கிடக்குற ஃபைபர் போட்டு, அடியில கொப்புளம்: பட்டி வச்சா போதுமா?

சிங்காரத்தோப்பு தம்பி:
அண்ணன்மாரே வணக்கம். கடலூர் ஓ.டி. (பழைய டவுன்) பக்கம் எங்க மாமாவோட ஃபைபர் போட்டு, கரையில இழுத்து வைக்கிறது இல்ல, வருஷம் பூரா உப்பனாத்துலயே கட்டிக் கிடக்கும். இப்ப கரையேத்தி பாசி, கொட்டலசு (அடியில ஒட்டிக்கிற ஓட்டு உயிர்) எல்லாம் சுரண்டிட்டு பாத்தா தண்ணி மட்டத்துக்கு கீழ ஒரு ரூபா காசு அளவுல அங்கங்க கொப்புளம். ஒண்ண குத்துனா பிசுபிசுன்னு தண்ணி, வினிகர் வாடை. அது போக ஏரா (போட்டோட அடி நடுக்கட்டை) ஓரமா முகத்துவாரத்து கல்லுல ஒரசி உள்ள ரோவிங் (முரட்டு நெசவு ஃபைபர் துணி) தெரியுது. இங்க ஒருத்தர் கார் பட்டி வச்சு தேச்சு பெயிண்ட் அடிச்சா ரெண்டு நாள் வேலைங்கறாரு, இன்னொருத்தர் எபாக்சி (ஒரு வகை ரெசின்) இல்லாம தொடாதங்கறாரு. மாமாவுக்கு தொழில் நிக்குதேன்னு அவசரம். எது சரி?

தேங்காய்த்திட்டு பட்டறை:
தம்பி, அந்த வாடைய வச்சே சொல்லிடலாம், இது மேலோட்டமான கோளாறு இல்ல. ஜெல்கோட், அதாவது போட்டோட மேல் பூச்சு, எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் தண்ணி அது வழியா மெல்ல ஊறும், ஊறி உள்ள சரியா செட் ஆகாத ரெசின்ல (ஃபைபர இறுக்கிப் பிடிக்கிற பசை) இருக்குறத கரைச்சு அமிலத் தண்ணியா தேங்கும், அது இன்னும் தண்ணிய உள்ள இழுக்கும், அழுத்தம் ஏறித்தான் கொப்புளமா தள்ளுது. குத்தும்போது முகத்த தள்ளி வச்சுக்க, கண்ணுல பீய்ச்சிடும்.

இதுமேல பட்டி வச்சா சீழ உள்ள வச்சு தைக்கிற மாதிரி. அதுலயும் கார் பட்டில டால்க் பவுடர் இருக்கும், தண்ணிய குடிக்கும், தண்ணிக்கு கீழ அது வேணவே வேணாம். ஒவ்வொரு கொப்புளத்தயும் தொறந்து நல்ல ஃபைபர் வர்ற வரைக்கும் கிரைண்டர்ல சரிவா எடுங்க. அப்பறம் நல்ல தண்ணில கழுவணும், காய விடணும், திரும்ப கழுவணும், வாடையும் பிசுக்கும் நிக்கிற வரைக்கும் இதான் வேலை. அசிடோன் துணியால தொடச்சா மட்டும் போகாது, அந்த பிசுக்கு தண்ணிலதான் கரையும். எல்லாரும் அவசரப்படுறது இங்கதான், ரெசின்ல எவ்ளோ காசு போட்டாலும் ஈரத்து மேல போட்டா மறுபடி கொப்புளம் வரும். காஞ்சுதான்னு தெரியணும்னா பாலிதீன் ஷீட்ட ஒரு சதுரம் வெட்டி நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வெயில்ல விடு, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் ஈரம் இருக்கு. மாமாகிட்ட அத காட்டு, வாயால சொல்றத விட அவரு கண்ணால பாத்தா ஒத்துக்குவாரு.

வீராம்பட்டினம் கடலோடி:
பட்டறை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஏரா ஓரத்துக்கு நான் சொல்றேன். அடிப்பட்ட இடத்த சுத்தி சரிவா தேய்க்கணும், ஃபைபர் கனம் 5 மி.மீ. இருந்தா ஓட்டைய சுத்தி 60 மி.மீ. வரைக்கும், அதாவது கனத்துக்கு 12 மடங்கு. குறுகலா தேச்சு மேட் (ஃபைபர் நார் விரிப்பு) வச்சா மணல்ல ஒரு தடவ இழுத்தாலே ஒட்டு போட்டது பேந்துடும். எபாக்சி விலை கூடத்தான், ஆனா பழைய ஃபைபர் மேல அதுக்கு பிடிப்பு ஜாஸ்தி. செலவு முடியாதுன்னா ஐசோ ரெசின் வாங்குங்க, அதுவும் பாலியஸ்டர்தான், ஆனா சாதா ஜி.பி. (பொது உபயோக) ரெசினை விட தண்ணி தாங்கும், தொழில் போட்டுக்கு அது போதும்ங்கறது என் கருத்து. எதுவா இருந்தாலும் ஒண்ணுல நில்லுங்க, பாலியஸ்டர் மேல எபாக்சி பிடிக்கும், எபாக்சி மேல பாலியஸ்டரோ ஜெல்கோட்டோ ஒழுங்கா பிடிக்காது. எபாக்சின்னா சாதா மேட்டும் வேணாம், அந்த மேட்ல இருக்குற பசை பாலியஸ்டர் ரெசின்லதான் கரையும், நெய்த துணி வாங்கிக்க.

பாலியஸ்டர்னா கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கிற மருந்து) ரெசின் கிலோவுக்கு 10லேர்ந்து 20 கிராம், நம்ம ஊரு வெயிலுக்கு 10 பக்கமே வச்சுக்க, இல்லன்னா டப்பாவுலயே இறுகிடும். தயவுசெஞ்சு இத மறக்காத, கோபால்ட்டையும் (இறுகுறத வேகப்படுத்துற மருந்து) கேட்டலிஸ்டையும் நேரா ஒண்ணா ஊத்தக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்ட மொதல்ல ரெசின்ல நல்லா கலக்கிட்டு அப்பறம்தான் கேட்டலிஸ்ட். கண்ணாடி, மாஸ்க் ரெண்டும் போடு.

சிங்காரத்தோப்பு தம்பி:
ரொம்ப நன்றிண்ணே, ஷீட் டெஸ்ட் மாமாகிட்ட சொல்லிட்டேன், பாக்கலாம்னாரு. மீன்பிடி தடைக்காலம் வரைக்கும் தள்ளிப் போடலாமா? அப்பறம் கொட்டலசு ஒட்டாத பெயிண்ட் அடிக்கணுமா?

தேங்காய்த்திட்டு பட்டறை:
ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடை விசைப்படகுக்கு, அந்த நேரம் பட்டறையெல்லாம் அவங்களோடதா இருக்கும், ஆளு கிடைக்காது. உனக்கு வெயில் இருக்குற எந்த மாசமும் சரி, ஐப்பசி கார்த்திகை மழையில மட்டும் ஆரம்பிக்காத. காலைல பனி ஈரம் போனப்பறம் ரெசின் போடு.

தினம் மணல்ல ஏத்துற போட்டுக்கு அந்த பெயிண்ட் வீண், தேஞ்சுடும். உன் போட்டு ஆத்துலயே கிடக்குது, அதனால வேணும். மொதல்ல எபாக்சி ப்ரைமர், அது முழுசா காயுறதுக்கு முன்ன, விரல் வச்சா அச்சு விழணும் ஆனா விரல்ல ஒட்டக் கூடாது, அந்த பதத்துல தாமிரம் கலந்த ஆன்டிஃபவுலிங் (நீ கேட்ட கொட்டலசு ஒட்டாத பெயிண்ட்) அடிக்கணும், விட்டுட்டா மறுபடி உப்புத்தாள் போடணும். அடியில பழைய ஆன்டிஃபவுலிங் இருந்தா தண்ணி விட்டே தேய், அந்த தூசி விஷம், சின்னப் பசங்கள பக்கத்துல விடாத. எப்ப தண்ணில எறக்கணும்ங்கறது டின்லயே போட்டிருக்கும், கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத படிச்சுட்டு எறக்குங்க.