சாஸ்தா கோயில் கல்தூணில் எழுத்து: படியெடுப்பது எப்படி?

ராதாபுரத்தான்:
அயர்லாந்துல சின்னச் சின்னக் கிராமங்கள்ல ஊர்க்காரங்களே பழைய கல்லறைக் கல்லு, ஓகம்ங்கிற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டின கல்லு எல்லாத்தையும் படமெடுத்துப் பதிஞ்சு வைக்காங்க. எங்க ஊர் குளத்தங்கரை சாஸ்தா கோயில் முன்னால நிக்கிற தூணிலயும் எழுத்து இருக்கு. பங்குனி உத்திரத்துக்கு உத்திரம் சுண்ணாம்பு அடிச்சு மூடிக் கிடக்கு. ஆசிட் ஊத்தித் தேய்க்கலாமா?

மறுகால்:
ஆசிட் வேண்டவே வேண்டாம் அண்ணாச்சி. கருங்கல்லுல இருக்க இரும்பு துருக்கறையா வெளிய வரும், அப்புறம் போகாது. கம்பி பிரஷ்ஷும் மணல் வீச்சும் எழுத்தோட விளிம்பையே தின்னுரும். இறுகின சுண்ணாம்பு தண்ணியில கரையாது, ஆனா ஊறினா படலம் தளரும். ஈரச்சாக்கை அரைமணி நேரம் சுத்தி வச்சு, மூங்கில் சில்லால மெதுவா நெம்புங்க, நைலான் பிரஷ்ஷால கழுவுங்க. எனாமல் பெயின்ட்டா இருந்தா தொடாதீங்க. கோயில் நிர்வாகத்துக்கிட்ட முதல்லயே சொல்லிருங்க.

கல்லெழுத்து:
அயர்லாந்தில் பல கற்கள் சுண்ணக்கல், மணற்கல். தேய்த்தால் உதிரும். அதனால் அங்கே வெளிச்சத்தை வைத்தே வாசிக்கிறார்கள். இருட்டிய பிறகு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபிளாஷை அணைத்து, டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். நாலு பக்கமிருந்தும் தனித்தனிப் படம் வேண்டும்: வெளிச்சத்துக்கு இணையாக ஓடும் கோடு நிழல் தராமல் மறைந்துவிடும். ஓகம் எழுத்து கல்லின் விளிம்பில் ஓடுவதால் இரு முகங்களையும் சேர்த்து எடுப்பார்கள். தூணில் வரி அடுத்த முகத்துக்குத் திரும்பினால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். சாக்பீஸால் எழுத்தை நிரப்பாதீர்கள். நம் ஊகம்தான் படத்தில் பதியும்.

மறுகால்:
மைப்படி, அதாவது கல்லுல தாளை ஒட்டி மை ஒத்தி எழுத்தைப் பதிக்கிறது, எடுக்கணும்னா ஆடியில வேண்டாம், உங்க பக்கத்துக் காத்துல தாள் நிக்காது. காத்தில்லாத விடியக்காலம் பாருங்க. நனைச்ச தாளை ஒட்டி, நடுவுல இருந்து வெளிய பிரஷ்ஷால தட்டணும். குமிழி நின்னா அந்த எழுத்து போச்சு. தாள் அரை ஈரமா இருக்கப்ப மைப்பொதியை (மை தோய்ச்ச துணிப்பொதி) லேசா ஒத்துங்க. ஈரம் கூடினா மை பரவும், காய்ஞ்சா தாள் கிளம்பிரும். கல்லு பொரிஞ்சிருந்தா இந்த வேலையே கூடாது, படத்தோட நிறுத்திக்கங்க.

கல்லெழுத்து:
முன்பே யாராவது படியெடுத்திருக்கலாம். தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் 1887 முதல் இருக்கின்றன. ராதாபுரம் பக்கத்து ஊர்களைப் பழைய அறிக்கைகளில் நாங்குநேரி தாலுகாவின் கீழ் தேடுங்கள். 'கொல்லம்' என்று ஆண்டு வந்தால் அது கேரளப் பக்கத்துக் கொல்லம் ஆண்டுக் கணக்கு; கி.பி. ஆண்டு தெரிய 825 கூட்டுங்கள். தேதி ஆவணி முதல் மார்கழி நடு வரைக்குள் இருந்தால் மட்டும் 824. படத்தோடு சர்வே எண், தூண் பார்க்கும் திசை, ஒவ்வொரு முகத்தின் அகலம் மூன்றையும் குறித்துப் போடுங்கள், வாசித்துப் பார்க்கலாம்.