சாலையை அகலப்படுத்திய பின்னும் நெரிசல் ஏன் குறைவதில்லை?

கேள்வி
இரண்டு தடச் சாலையை நான்கு தடமாக்கிய பின்னரும், காலை நேரத்தில் வண்டிகள் பழைய இடத்திலேயே தேங்கி நிற்கின்றன. வண்டிகள் பெருகிவிட்டன என்பதே வழக்கமான விளக்கம். சாலையின் வடிவமைப்புக்கும் இதில் பங்கு உண்டா?

மறுமொழி 1
உண்டு; பல இடங்களில் அதுவே முதற்காரணம். நகரச் சாலையின் கொள்ளளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சந்திப்புகளே. பச்சை விளக்கு இடைவிடாமல் எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,800 கார்கள் கடக்கலாம். குறுக்குச் சாலைக்கும், திரும்புவோருக்கும், பாதசாரிகளுக்கும் நேரத்தைப் பகிர்ந்தளித்த பின் 40 சதவீதப் பச்சையே மிஞ்சுமானால், அதே தடம் 720 கார்களைத்தான் அனுப்பும். சந்திப்பைத் தொடாமல் இடைப்பகுதியை மட்டும் அகலமாக்கினால் காத்து நிற்கும் இடம்தான் பெரிதாகும். திரும்புவதற்குத் தனித்தடம் இல்லாவிட்டால், எதிர்வரும் வண்டிகளுக்கிடையே இடைவெளி பார்த்து நிற்கும் ஒரே கார், நேராகச் செல்ல வேண்டிய அனைவரையும் மறித்துவிடும். பச்சை எரிந்துகொண்டிருக்கும், தடமோ வெறுமையாகக் கிடக்கும். சிக்னலுக்குச் சற்று முன்னால் பேருந்து நிறுத்தம் அமைப்பதாலும் இதே கேடுதான்.

மறுமொழி 2
தெருக்களின் பின்னலையும் பார்க்க வேண்டும். உட்தெருக்கள் எல்லாம் முட்டுச்சந்துகளாக இருந்தால், அடுத்த தெருவுக்குப் போகிறவரும் பெருஞ்சாலையில் ஏறித்தான் இறங்க வேண்டும். அதற்காக எந்த இணைப்பும் நன்மையே தரும் என்று எண்ணிவிட முடியாது: புதிய இணைப்பு ஒன்று எல்லாருடைய பயண நேரத்தையும் கூட்டிவிடலாம் என்பதை டீட்ரிச் பிரேஸ் என்ற கணிதவியலாளர் 1968-இல் நிறுவினார். சியோலில் 2003-இல் சியோங்கேச்சியோன் மேம்பாலச் சாலையை இடிக்கத் தொடங்கியபோது அஞ்சிய பெருநெரிசல் ஏற்படவில்லை. பேருந்துச் சேவையும் அக்காலத்திலேயே சீரமைக்கப்பட்டதால், முழுப் பெருமையையும் இடிப்புக்குக் கொடுத்துவிட முடியாது.

கேட்டவர்
அப்படியானால் அகலப்படுத்தவே கூடாதா?

மறுமொழி 3
எங்கே என்பதைப் பொறுத்தது. ஹூஸ்டனின் கேட்டி விரைவுச்சாலை 2008-இல், பக்கச் சாலைகளையும் சேர்த்து, சில பகுதிகளில் 26 தடங்கள் வரை விரிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயண நேரம் மீண்டும் கூடியது. சாலை இலகுவானதும், நேரம் மாற்றியோ வேறு வழியிலோ சென்றவர்கள் அங்கே திரும்பிவிடுகிறார்கள். ஆகவே முதலில் வரிசையின் தலைப்பகுதியைப் பாருங்கள். மூன்று தடங்கள் இரண்டாகக் குறுகும் இடமா, திரும்பும் வண்டியா, கண்டபடி நிறுத்திய வாகனங்களா என்பது அங்கேதான் தெரியும். திரும்பும் வண்டிதான் காரணமென்றால், சந்திப்புக்கு முந்தைய நூறு மீட்டரில் ஒரு திருப்புத்தடம் அமைப்பதே முழுச் சாலையையும் அகலப்படுத்துவதைவிட மிகுதியாகப் பயன்படும்.